போயர்ப் போரும் பிளவுண்ட ஆங்கில நெஞ்சமும்



1901-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் இரவு, இங்கிலாந்து நாட்டின் பர்மிங்காம் நகர்மன்றக் கூடத்திலிருந்து காவலர் அணியொன்று வெளியேறிச் சென்றது. காவலுடை அணிந்து அவ்வணியில் நடந்தவருள் ஒருவர் காவலர் அல்லர், நாடாளுமன்ற உறுப்பினர், வேல்சு மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த வழக்குரைஞர், இலாய்டு சியார்ச்சு என்னும் பெயரினர். கூடத்தைச் சூழ்ந்து பல்லாயிரவர் வெறிகொண்டு நின்றனர். பலகணிகள் கல்லெறியால் நொறுங்கிக் கிடந்தன. மேடையேறியவர் பேச்சு எவர் காதிலும் விழவில்லை. அவர் செய்த குற்றந்தான் யாது? கொலையா? கொள்ளையா? தம் நாட்டுப் படை ஏறத்தாழ 6,000 கல் தொலைவில் நடத்திக்கொண்டிருந்த போர் முறையற்றது என இரண்டாண்டுகளாகச் சொல்லி வந்தார், அவ்வளவே.

அம்மனிதரே 1916 திசம்பரில் அதே நாட்டின் தலைமையமைச்சரானார். அன்று அதனினும் பன்மடங்கு பெரிய போரொன்றை அவர் தலைமையேற்று நடத்தினார் என்பதும், படைக்கருவி ஏந்த உளச்சான்று இடந்தரவில்லை என்ற இளைஞர்களை அவராட்சி சிறையில் வைத்திருந்தது என்பதும் வேறு கதை. எனினும் அக்கதையையும் நினைவில் வைத்துக்கொண்டு இவ்வரலாற்றைக் கேட்பது நல்லது.

போர் எதற்காக மூண்டது? தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தர் வழிவந்தோர் போயர் எனப்பட்டனர். உழவும் ஆநிரையும் அவர்தம் வாழ்வு. அவர்க்குத் திரான்சுவால், ஆரஞ்சு என இரு சிறு குடியரசுகள் இருந்தன. 1886-இல் திரான்சுவாலில் பொன் கண்டெடுக்கப்பட்டது. அவ்வளவில் உலகெங்குமிருந்து, பெரும்பாலும் ஆங்கிலப் பேரரசிலிருந்து, வந்தேறிகள் வந்து குவிந்தனர். பதினான்கு ஆண்டு தங்கினாலன்றி முழு ஒப்போலை உரிமை இல்லை என்றார் போயர்த் தலைவர் குரூகர். அவ்வுரிமையைக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டே ஆங்கில அரசு நெருக்கியது. குடியேற்றநாட்டு அமைச்சர் சோசப்பு சேம்பர்லேனும், கேப்பு நகரில் வீற்றிருந்த உயர் ஆணையர் மில்னரும் அந்நெருக்குதலின் இரு கைகள். 1899 அக்தோபர் 9-இல் போயர்கள் இறுதி எச்சரிக்கை விடுத்தனர். 11-ஆம் நாள் போர் தொடங்கிற்று.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்கலாகாது. எல்லை கடந்து முதலில் படை நடத்தியவர் போயர்களே. ஆங்கில அரசுக்கு அது பெருந்துணையாயிற்று. “அவர்கள் அடித்தார்கள், நாம் தடுக்கின்றோம்” என்று எந்த நாட்டு மக்களிடத்துச் சொன்னாலும் பாதிப்பேர் அதற்கு மேல் ஒன்றும் கேளார். மீதிப்பேரோ, “அடிக்கும் நிலைக்கு அவரைத் தள்ளியவர் யார்? பொன் கிடைத்திராவிடில் அவ்வேழை உழவர்களின் ஒப்போலைச் சட்டம் இலண்டன் அமைச்சரவைக்கு உறுத்தியிருக்குமா?” என்று கேட்டனர். இவ்விரு வினாக்களும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. நாடு பிளவுண்டது அங்கேதான்.

தொடக்கத்தில் பிளவு என்று சொல்லுதற்கும் இடமில்லை. வெள்ளம் முழுதும் ஒரு பக்கமே ஓடிற்று. 1896-இல் தோன்றிய 'தெயிலி மெயில்' என்னும் அரைப் பென்னி நாளிதழ் போர்க்காலத்தில் நாளொன்றுக்குப் பத்து இலக்கம் படி அளவுக்கு விற்றது. தொலைவரிக் கம்பி வழியே நேற்றைய போர்க்களம் இன்றைய காலையுணவு மேடைக்கு வந்தது. ஆடலரங்குகளில் பேரரசுப் பாட்டு முழங்கியது. 1899 திசம்பரில் ஒரே கிழமைக்குள் மூன்று களங்களில் ஆங்கிலப்படை தோற்றபோது, அத்தோல்வி மக்களை எண்ணச் செய்யவில்லை; சினங்கொள்ளச் செய்தது. இளைஞர்கள் தாமே வந்து படையிற் சேர்ந்தனர். 217 நாள் முற்றுகையிலிருந்து மாபெகிங்கு என்னும் சிற்றூர் மீட்கப்பட்ட செய்தி 1900 மே 18 இரவு இலண்டனை எட்டிற்று. அவ்விரவும் மறுநாளும் தெருக்களில் நடந்த ஆட்டத்தையும் கூச்சலையும் குறிக்க அவ்வூர்ப் பெயரையே வினைச்சொல்லாக்கி ஆங்கிலத்தில் வழங்கினர். ஒரு மொழியில் புதுச்சொல் பிறக்கும் வழிகள் பல. வெறியும் அவற்றுள் ஒன்று போலும்!

ஆனால், தெருவில் ஆடியவரே நாடு முழுதும் என்று கொள்ளுதல் பிழை. அக்கூட்டத்தில் எழுத்தர்களும் மாணவர்களுமே மிகுதி, உழைக்கும் மக்கள் அத்துணை வெறிகொள்ளவில்லை என்று பிற்கால ஆய்வாளர் சிலர் எழுதினர். கூச்சலிடுபவனின் குரல் மட்டுமே தெருவில் கேட்கும். வாய்மூடி நிற்பவனின் கருத்தை எவரும் அளந்து வைப்பதில்லை.

எதிர்த்தவர் யாவர்? அவர் ஒரு கட்சியினர் அல்லர். ஒரு கொள்கையினரும் அல்லர். எதிர்க்கட்சியாகிய தாராளக் கட்சியே மூன்றாய் உடைந்தது. 1900 சூலை 25-இல் போர்க்கொள்கையைக் கண்டித்து வில்பிரிடு இலாசன் கொணர்ந்த தீர்மானத்தின்போது அக்கட்சியினர் 31 பேர் அவரோடு நின்றனர். 40 பேர் அரசோடு சேர்ந்து எதிர்த்தனர். கட்சித் தலைவர் கேம்பல் பானர்மன் உட்பட 35 பேர் எப்பக்கமும் சேராது விலகினர். ஒரு கட்சிக்குத் தலைவராய் இருந்துகொண்டு, தம் கட்சியின் இரு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் நடப்பதைப் பார்த்திருப்பது எத்தகைய நிலை! பின்னாளில் தலைமையமைச்சரான ஆசுக்குவித்து பேரரசுப் பக்கம் நின்றார். முதிய அறிஞர் சான் மார்லி போரைக் கண்டித்தார்.

தொழிலாளர் தலைவர் கீர் ஆர்டி, இது முதலாளிகளின் போர் என்றார். இராம்சே மெக்டொனால்டு, தாம் சார்ந்த பேபியன் கழகம் போரைப் பற்றி வாய்திறக்க மறுத்ததனால் அக்கழகத்தை விட்டே வெளியேறினார். அதே கழகத்தின் பெர்னார்டு சா போன்றோர் பேரரசு நிலைப்பதே நலம் என்று கருதினர். பொதுவுடைமை பேசியோரும் இவ்வாறு பிரிந்தனர். குவேக்கர் என்னும் சமயத்தாருள் பலர், கொலை எதுவாயினும் தீது என்ற கொள்கையால் எதிர்த்தனர். ஐரிய நாட்டுத் தலைவர்களோ, தம் நாட்டை நசுக்கும் பேரரசு பிறிதொரு சிறுநாட்டையும் நசுக்குவதைக் கண்டு எதிர்த்தனர். ஆயினும் களத்தில் ஐரியர் இரு பக்கமும் இருந்தனர். மெக்குபிரைடு என்பார் போயரோடு சேர்ந்து போரிட்ட ஐரியப் படையில் நின்றார். அரசியின் கூலிப்படையில் அவரினும் மிகப்பலராய் ஐரிய ஏழை இளைஞர் நின்றனர். வயிறு ஒரு பக்கமும் நெஞ்சு ஒரு பக்கமும் இழுக்கும் அடிமை நாட்டின் நிலை இது. தமிழர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எதிர்த்தவர் எல்லாரும் தூயவர் என்றும் கொள்ளவேண்டா. பொன்முதலாளிகளின் சூழ்ச்சியைச் சுட்டப் புகுந்தோர் சிலர், அம்முதலாளிகளுள் சிலர் யூதராயிருந்தமையால் யூத இனத்தின் மேலேயே பழி சுமத்தினர். 'மான்செசுட்டர் கார்டியன்' இதழின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றுவந்த ஆப்சன் என்னும் பொருளியலறிஞரின் எழுத்திலும் அக்கறை படிந்துளது. அவரே 1902-இல் வெளியிட்ட பேரரசியம் பற்றிய நூல், பிற்பாடு இலெனின் வரையில் பலரையும் எண்ண வைத்தது. ஒரே கையில் விளக்கும் புகையும் இருந்தன.

இத்தனை வேறுபட்டோரையும் ஒரே சொல்லால் அடித்தனர்: 'போயர் சார்பினர்'. போயரை விரும்பாதவனும் அச்சொல்லுக்குத் தப்பவில்லை. அச்சொல்லின் பயன் ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டால் எதிராளியின் வினாவுக்கு விடை சொல்ல வேண்டுவதில்லை. 1900 மார்ச்சில் சுகார்பரோ என்னும் கடற்கரை ஊரில், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவரைப் பேச அழைத்த குற்றத்திற்காக இரவுன்றி குடும்பத்தாரின் கடைகளை நொறுக்கினர். 'மான்செசுட்டர் கார்டியன்' ஆசிரியர் சுகாட்டின் வீட்டுக்குக் காவல் போட வேண்டியதாயிற்று. 'தெயிலி குரானிக்கிள்' ஆசிரியர் மாசிங்காம், போரைப் பற்றி வாய்மூடி இருக்கவேண்டும் என்று உரிமையாளர் கட்டளையிட்டமையால் 1899-லேயே பதவி துறந்தார். மறுபக்கம், 1901 சனவரியில் குவேக்கர்ச் செல்வர் காட்பரி, இலாய்டு சியார்ச்சின் தூண்டுதலால் 'தெயிலி நியூசு' இதழை விலைக்கு வாங்கியபோது, பேரரசுச் சார்பினரான அதன் ஆசிரியர் குக்கு வெளியேறினார். உண்மைக்கும் விலை உண்டு, இதழ்க்கும் விலை உண்டு. இரண்டையும் ஒருங்கே வாங்க வல்லவர் அன்றும் சிலரே.

இச்சூட்டிலேயே 1900 இலையுதிர் காலத்தில் ஆளுங்கட்சி தேர்தலை நடத்திற்று. தாராளக் கட்சிக்குப் போடும் ஒவ்வோர் ஒப்போலையும் போயர்க்குப் போடும் ஒப்போலை என்று பரப்புரை நடந்தது. படையுடையின் நிறத்தால் அதனைக் 'காக்கித் தேர்தல்' என்பர். 670 இடங்களில் 402 அரசின் பக்கம் சென்றன. நாடே ஒருமுகமாய்ப் போரை ஏற்றது என அமைச்சர்கள் மார்தட்டினர். ஆனால் போட்ட ஒப்போலைகளை எண்ணினால் அரசுக்கு 100-க்கு ஏறத்தாழ 50. தாராளக் கட்சிக்கு 45. அரங்கில் அதிர்ந்த வெற்றி வேறு. ஏட்டில் நின்ற எண் வேறு.

போயர்களின் தலைநகர்கள் 1900 சூனுக்குள் வீழ்ந்தன. போர் முடிந்தது என்று ஆங்கிலர் நினைத்தனர். போயர்களோ சிறுசிறு குதிரைப் படைகளாய்ப் பிரிந்து மறைந்து தாக்கினர். படைத்தலைவர் இராபர்ட்சும் அவருக்குப் பின் கிச்சனரும், அப்படைகளுக்குச் சோறு கிடைக்கும் இடமே இல்லாது செய்வதெனத் துணிந்தனர். ஏறத்தாழ 30,000 பண்ணை வீடுகள் கொளுத்தப்பட்டன. விளைநிலம் அழிந்தது. வீடிழந்த பெண்டிரும் பிள்ளைகளும் கூடார முகாம்களில் அடைக்கப்பட்டனர்.

இங்கிலாந்தில் இதை எவரும் அறியார், அறியவும் விரும்பார். அறியச் செய்தவர் ஒரு பெண்மணி. எமிலி ஆபவுசு என்னும் அவர் 1860-இல் கார்ன்வாலில் பிறந்தவர். ஊர்க் கோவில் குருவின் மகள். 1900 சூலையில் தம் பக்கத்து ஊராகிய இலிசுக்கர்டில் நடந்த போரெதிர்ப்புக் கூட்டம் கலகத்தாரால் கலைக்கப்பட்டதைக் கண்டவர். அவ்வாண்டு திசம்பரில் துயர்நீக்க நிதி திரட்டிக்கொண்டு கப்பலேறினார். 1901 சனவரி 24-இல் புளூம்பாண்டேன் முகாமை அடைந்தார். அங்கு அவர் கண்டவை பெரிய செய்திகள் அல்ல, சிறிய செய்திகளே. சவர்க்காரம் இல்லை. குடிநீர் போதவில்லை. வெயில் கொதிக்கும் ஒரு கூடாரத்துள் பல குடும்பத்தார் நெருங்கிக் கிடந்தனர். கணவன் இன்னும் போர்க்களத்தில் நிற்கும் பெண்ணுக்குக் குறைந்த உணவு, சரணடைந்தவன் மனைவிக்குக் கூடிய உணவு என்று இருவகைப் படியளப்புத் தொடக்கத்தில் இருந்தது. பசியைப் படைக்கருவியாக்கிய முறை அது. அவர் வீராவேசமாய் எழுதவில்லை. கண்ட கூடாரம், கண்ட குழந்தை, கேட்ட விடை என்று கணக்கெழுதுவார் போல் எழுதினார். 1901 சூனில் அவ்வறிக்கை வெளிவந்தது.

அதன் பின்னரே பிளவின் திசை மாறத் தொடங்கிற்று. அதுவரை நடுவில் நின்ற கேம்பல் பானர்மன், ஆபவுசு அம்மையாரிடம் நேரில் கேட்டறிந்த சில நாளிலேயே, சூன் 14-ஆம் நாள் விருந்தொன்றில் எழுந்து, தென்னாப்பிரிக்காவில் நடத்தப்படுவது போர்முறையன்று, காட்டுமிராண்டி முறை என்ற கருத்துப்படப் பேசினார். இதழ்கள் அவர்மேல் பாய்ந்தன. சொந்தக் கட்சியின் பேரரசுப் பிரிவினரே முகஞ்சுளித்தனர். ஆனால் அவர் அச்சொல்லைத் திரும்பப் பெறவில்லை.

மறுத்தவர்கள் என்ன செய்தனர்? புளூம்பாண்டேனில் இறந்த இலிசி வான் சில் என்னும் ஏழு அகவைச் சிறுமியின் ஒளிப்படம் இருந்தது. எலும்பும் தோலுமாய்க் கட்டிலில் கிடந்த படம். போரெதிர்ப்பார்க்கு அது முகாமின் கொடுமைக்குச் சான்று. அரசின் பக்கத்தார்க்கோ அது போயர்த் தாயின் புறக்கணிப்புக்குச் சான்று. துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற கானன் தாயில் உட்பட அவ்வாறே வழக்காடினர். அப்பழிக்கு அடிப்படையில்லை என ஆபவுசு அம்மையார் உசாவிக் கண்டு மறுத்தார். ஒரே படம், ஒரே குழந்தை. பார்ப்பவனின் நெஞ்சு எப்பக்கம் சாய்ந்திருந்ததோ அப்பக்கமே அக்குழந்தையும் சான்று சொல்லிற்று.

1901 அக்தோபரில் மீண்டும் கேப்பு நகர் சென்ற அம்மையாரைக் கரையிறங்கவும் விடாமல் வேறொரு கப்பலில் வலிந்தேற்றித் திருப்பி அனுப்பினர். அதே காலத்தில் அரசு தானே மில்லிசென்று பாசெட்டு அம்மையார் தலைமையில் பெண்டிர் குழுவொன்றை அனுப்பியது. போரை ஏற்றவரே அவர். அவரது குழுவும் முகாம்களில் கண்ட குறைகளை மறைக்காமல் எழுதிற்று. தம் நாட்டின் போரை ஏற்றுக்கொண்டே அதன் கொடுமையைச் சொல்லியவர் என்ற முறையில் அவரையும் மதிக்கத்தான் வேண்டும். அதன்பின் முகாம்கள் படைத்துறையின் கையினின்று குடிமுறை ஆட்சியின் கைக்கு மாறின, இறப்பு குறைந்தது. 1902 மே 31-இல் அமைதி உடன்பாடு ஒப்பமாகும் முன்னர் ஏறத்தாழ 28,000 போயர்கள் முகாம்களில் இறந்திருந்தனர். அவருள் ஏறத்தாழ 22,000 பேர் பதினாறு அகவைக்குட்பட்ட பிள்ளைகள். ஆங்கிலப் படையில் இறந்தோர் ஏறத்தாழ 22,000. பாதிக்கு மேல் நோயால் மடிந்தவர். செலவு 20 கோடிப் பவுனுக்கும் மேல்.

இப்போரில் தமிழரும் இருந்தனர். நெட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கூலியாட்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமே. காந்தியார் அமைத்த நோயர்தாங்கிப் படையின் ஏறத்தாழ 1,100 பேரில் 800 பேர் அளவுக்கு ஒப்பந்தக் கூலிகள். தம் உள்ளம் போயர்மேல் இரங்கியதாகவும், பேரரசின் குடி என்ற கடமையால் ஆங்கிலர் பக்கம் பணி செய்ததாகவும் காந்தியார் பின்னர் எழுதினார். தலைவரின் உள்ளத்துக்குள்ளேயே பிளவு இருந்தது. சுமந்த கூலித் தமிழனின் உள்ளத்தை எவரும் கேட்டு எழுதவில்லை. மறுபக்கம், சிறைப்பட்ட போயர்களில் ஏறத்தாழ 5,000 பேர் இலங்கையின் தியத்தலாவையிலும், வேறு சிலர் திருச்சிராப்பள்ளியிலும் நீலமலைக் கேத்தியிலும் அடைக்கப்பட்டிருந்தனர்.

போர் முடிந்தபின் இங்கிலாந்தின் வெறி தணிந்தது. 1904 முதல் 60,000-க்கு மேற்பட்ட சீனக் கூலிகளைப் பொன்சுரங்கங்களில் கொண்டுபோய் அடைத்தபோது, “போர் இதற்காகத்தானா?” என்று முன்னர் ஆடியவரே கேட்டனர். 1906 தேர்தலில் தாராளக் கட்சி ஏறத்தாழ 400 இடங்கள் வென்றது. காட்டுமிராண்டி முறை எனச் சாடிய கேம்பல் பானர்மனே தலைமையமைச்சராய் அமர்ந்து, அவ்வாண்டு திசம்பரில் திரான்சுவாலுக்குத் தன்னாட்சி வழங்கினார்.

ஈண்டு கதை முடிந்ததென்றால் மகிழ்ச்சியாய் இருக்கும். ஆனால் அந்நிலத்தின் பெரும்பான்மை மக்கள் போயரும் அல்லர், ஆங்கிலரும் அல்லர், கறுப்பின மக்கள். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட அவர் ஒரு இலக்கத்துக்கு மேற்பட்டோர். பதிவானவரை எண்ணினாலே 14,000 பேர் இறந்தனர். உண்மைத் தொகை 20,000 வரை இருக்கும் என்பர். போரை ஏற்ற ஆங்கிலனும் எதிர்த்த ஆங்கிலனும் இச்சாவுகளைப் பற்றிச் சண்டையிடவில்லை. அமைதி உடன்பாட்டின் எட்டாம் பிரிவு, தொல்குடியினர்க்கு ஒப்போலை உரிமை தருவதா என்பதைத் தன்னாட்சி வழங்கிய பின் பார்ப்போம் எனத் தள்ளிவைத்தது. தன்னாட்சி என்றால் வெள்ளையர் ஆட்சி. 1909-இல் தென்னாப்பிரிக்க ஒன்றியச் சட்டம் இலண்டன் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, கறுப்பினத் தலைவர்கள் கடல்கடந்து வந்து முறையிட்டனர். நாடாளுமன்றத்துக்கு வெள்ளையரே உறுப்பினராகலாம் என்ற நிறத்தடையைக் கீர் ஆர்டியும் வேறு சிலரும் எதிர்த்தனர். எட்டாண்டுக்கு முன் பர்மிங்காமில் கல்லெறிந்த நாடு, கல்லடி பட்ட நாடு, இரண்டும் அன்று ஒன்றுபட்டு அச்சட்டத்தை நிறைவேற்றின. தெருவில் ஒரு பலகணியும் உடையவில்லை.

போர் முடிந்ததும் மில்னர் போயர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலவழிப் பள்ளிகளைத் திணித்தார். அவர் மொழி அழியவில்லை, 1925-இல் ஆட்சிமொழியாயிற்று. அம்மொழியையே 1976-இல் கறுப்பினப் பிள்ளைகள்மேல் திணித்தனர். சூன் 16-ஆம் நாள் சொவெட்டோவில் எதிர்த்து நடந்த பள்ளி மாணவரைச் சுட்டனர்.

1913 திசம்பர் 16-இல் புளூம்பாண்டேனில், முகாம்களில் இறந்த போயர்ப் பெண்டிர் பிள்ளைகளுக்கு நினைவுத்தூண் திறந்தனர். ஆபவுசு அம்மையார் அழைக்கப்பட்டுப் புறப்பட்டார். உடல் நலிவால் வழியிலேயே நின்றுவிட்டார். அவர் எழுதியனுப்பிய உரையை வேறொருவர் படித்தார். அதில் அவர், அதே முகாம்களில் கறுப்பினத்தாரும் ஆயிரக்கணக்கில் மாண்டனர் என்பதையும் நினைக்க வேண்டாவா என்று கேட்டிருந்தார். இனவொதுக்கல் ஆட்சிக் காலத்தில் அவ்வுரை மறுபதிப்பானபோது அவ்வரிகள் விடப்பட்டன. 1926-இல் அவர் இலண்டனில் இறந்தார். அவருடைய சாம்பல் கடல்கடந்து சென்று அத்தூணின் அடியில் வைக்கப்பட்டது. கறுப்பின முகாம்களின் இடுகாடுகள் நெடுங்காலம் அடையாளக் கல்லுமின்றிக் கிடந்தன.